குளிசையின் நேரம்

பார்க்கின்சன் என்று கிளினிக்கில் சொன்ன அன்றே சில வீடுகளில் அப்பாவின் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிவிடுகிறார்கள். வாங்காதீர்கள். இந்த நோயில் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் கூடுதல். எதையாவது எடுக்கக் கையை நீட்டினால் பலருக்கு அது தணியும். காதுவைத்த, கொஞ்சம் பாரமான கோப்பையில் பாதிவரை ஊற்றிக் கொடுங்கள். அவரே குடிக்கட்டும்.

திருகோணமலையில் எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி, “அண்ணை, அப்பாவுக்கு என்னோட ஏதும் கோபமோ? இப்ப சிரிக்கிறாரே இல்லை” என்று கேட்டாள். கோபம் இல்லை, தங்கச்சி. கையையும் காலையும் மந்தமாக்கிய அதே நோய் முகத்துத் தசைகளையும் மந்தமாக்கியிருக்கிறது. நீ சொல்லும் பகிடிக்கு அவர் உள்ளே சிரிக்கிறார்; முகம்தான் காட்டவில்லை. குரல் தணிவதும் எழுத்து சிறுத்துக்கொண்டே போவதும் இதனால்தான். பென்சன் எடுக்கப் போகுமிடத்தில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்றால் அவரை வையாமல், புதிய கையெழுத்தைப் பதிந்து கொடுங்கள்.

மூளையின் அடிப்பகுதியில், கறுப்பாகத் தெரியும் சிறிய இடமொன்றில், உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமீன் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நடுக்கம் வெளியே தெரியவரும்போது அவற்றில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். பலருக்கு மலச்சிக்கலும், கருவாடு பொரிக்கும் மணம்கூடப் பிடிபடாமல் போவதும் ஆண்டுக்கணக்கில் முன்பே தொடங்கியிருக்கும். இது பாரிசவாதம் அல்ல. யாரும் செய்த சூனியமும் அல்ல. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இலேயே இதை எழுதிவைத்துவிட்டார்.

டோபமீனைக் குளிசையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. நுழைவது குளிசையில் இருக்கும் லெவோடோபா; உள்ளே போய் டோபமீனாக மாறும். 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காகப் பூனைக்காலித் தூளை வாங்கிக் குளிசையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். அதில் எவ்வளவு மருந்து இருக்கிறதென்று தெரியாமல் அளவு தாறுமாறாகிவிடும்.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. லெவோடோபாவும் மீன், முட்டை, பால், பருப்பிலிருந்து வரும் புரதத்தின் துணுக்குகளும் குடலிலும் மூளையின் எல்லையிலும் ஒரே வாசலால்தான் உள்ளே போகவேண்டும். பாரைக் குழம்போடு சோறு சாப்பிட்டவுடன் குளிசை போட்டால் மருந்து வாசலில் காத்து நிற்கும். அவரும் கதிரையை விட்டு எழும்ப முடியாமல் இருப்பார். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர், அல்லது ஒரு மணித்தியாலம் கழித்து, பால் தேத்தண்ணியில் அல்ல, வெறும் தண்ணீரில் கொடுங்கள். வயிற்றைப் பிரட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். மீனை நிறுத்தவேண்டாம், உடம்பு மெலிந்துவிடும். குளிசையின் வேகம் இடையில் குறைகிறவர்களுக்கு மீனை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றச் சில டொக்டர்மார் சொல்வதுண்டு, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குளிசை வேலைசெய்யும் நேரத்தைக் கவனித்து, குளிப்பு, சந்தை, கோணேசர் கோயில் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் வையுங்கள். ரமழான் நோன்போ கந்தசஷ்டி விரதமோ பிடிப்பதென்றால் முன்கூட்டியே டொக்டரிடம் பேசவேண்டும். இந்தக் குளிசையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் குறைந்தால் எழும்பும்போது தலை சுற்றி விழுந்துவிடுவார். கட்டிலில் சற்று இருந்துவிட்டு எழும்பட்டும்.

வாசலில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நிலத்தில் ஒரு கோட்டைக் காட்டி, “இதைத் தாண்டுங்கோ அப்பா” என்று சொல்லிப் பாருங்கள். சமதரையில் மறுத்த கால் கோட்டைக் கண்டதும் தூக்கும். படியேறுவது சிலருக்கு நடப்பதைவிட இலகுவாக இருப்பதும் இதனால்தான்.

வேறு எந்த வருத்தத்துக்காக ஆஸ்பத்திரியில் நிற்பாட்டினாலும், வார்டில் தாதியிடம் முதலில் கொடுக்கவேண்டியது குளிசை நேரங்கள் எழுதிய துண்டு. சத்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிறமைட், தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சினரிசின் இரண்டும் இந்த நோயைக் கூட்டும். அந்தப் பெயர்களையும் அதே துண்டில் எழுதி அவரின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.