தீப்பெட்டிக்குள் எங்கள் வீடு

அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட பலகை ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஒரு சிறிய ரயில் ஓடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குழந்தைக்கு வாங்கினீர்களா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "கொலுவுக்கா?" என்பது. இரண்டுக்கும் பதில் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

ரயில், மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பொம்மை ரயில் கடையில் கிடைக்கும். ஆனால் அது போய் நிற்க ஓர் ஊர் வேண்டுமே! அட்டையில் கிடைக்கும் ஐரோப்பிய வீடுகளை வைத்துப் பார்த்தேன். பனிக்காலத்துக்கான செங்குத்துக் கூரைகள், புகைபோக்கிகள். மகள் பார்த்துவிட்டு, "இது யாரோட ஊர்ப்பா?" என்றாள். அன்றுதான் முடிவு செய்தேன்: வைத்தால் எங்கள் ஊரைத்தான் வைப்பது.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, தருமபுரி, சித்தூர்ப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து கிளைப்பாதை போட்டார்கள். கோரமண்டல், ஊர்காவும், சாம்பியன் என்று போய் மாரிக்குப்பத்தில் அந்தப் பாதை முடிகிறது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ரயில் மட்டும் நிற்கவில்லை. விடியுமுன் ஏறிப் பெங்களூர் வேலைக்கு வந்து, இருட்டிய பின் திரும்புகிறவர்களின் ரயில் அது. நானும் பல ஆண்டுகள் அதில் நின்றபடி வந்தவன்தான்.

அளவுகோல்

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உலகில் அதிகம் விற்பது ஹெச்.ஓ. எனப்படும் அளவு. நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் சரி. நம் அகலப்பாதையோ 1676. எண்பத்தேழால் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது, பொருந்தாது. ஆனால் நூறால் வகுத்துப் பாருங்கள்: 16.76! ஏறக்குறைய அதே தண்டவாளம். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் அகலமும் நூறில் ஒரு பங்காக்கினால், ஹெச்.ஓ. பெட்டியின் அகலத்துக்கு மிக நெருங்கி வருகிறது.

ஆகவே என் ஊருக்கு நூறில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். ஒரு மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளையும் மனக்கணக்காகப் போடலாம். ரயில் நிலையத்தை அளக்க ஏணி வேண்டாம். அடிக்கொரு கோடு போட்ட ஆறடிக் கம்பைச் சுவரில் சாய்த்து நேராக நின்று படமெடுத்தால் போதும். கதவு, சன்னல், தூண் எல்லாவற்றின் அளவும் அந்தக் கம்பை வைத்துக் கிடைத்துவிடும்.

அப்பாவின் கோபம்

நிலையம் எளிதாக முடிந்தது. அடுத்து நான் பிறந்த லைன் வீடு. அந்த வரிசையே இப்போது இல்லை. புகைப்படமும் எங்களிடம் இல்லை. அப்பாவின் நினைவு ஒன்றுதான் ஆதாரம். அளவு கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த வீட்டிலிருந்து உங்களை வெளியே கொண்டுவரத்தான் இருபத்தெட்டு வருஷம் கீழே இறங்கி ஏறினேன். அதைப் போய் நடுக்கூடத்தில் வைக்கப் போறியா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அவரே, "பத்துக்கு எட்டு அடி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வெட்டி ஒட்டினேன். மூன்று சென்டிமீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர்! ஒரு தீப்பெட்டிக்குள் அப்படி இரண்டு அறைகள் அடங்கும். அதில் ஆறு பேர் படுத்தோம். வளர்ந்த ஊரில் இருந்தவரை தெரியாத அளவு, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது.

கைக்கெட்டிய பொருட்கள்

சுவர்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. அதைவிட நல்ல அட்டை விலைக்குக் கிடைக்காது. வராந்தாக் கம்பங்களுக்கு ஊதுபத்திக் குச்சி. பெங்களூரில் அதற்கா பஞ்சம்? மூங்கில் தட்டிச் சுவருக்கு, கட்டுப்போடும் காஸ் துணியைப் பசையில் தோய்த்து ஒட்டி, காய்ந்த பின் காப்பி டிகாஷன் பூசினேன்.

தகரக் கூரைதான் வெகுநாள் தொல்லை கொடுத்தது. நெளித்தகடு நூறில் ஒரு பங்கானால் நெளிவுக்கு நெளிவு முக்கால் மில்லிமீட்டர்தான் வரும். சீப்பு, பேனா முனை எல்லாம் தோற்றன. கடைசியில் உதவியது எஸ்.பி. ரோட்டில் வாங்கிய எம்5 போல்ட். அதன் மரையிடைவெளி சரியாக 0.8 மில்லிமீட்டர். ஓட்டல் சாப்பாடு வருகிற அலுமினியத் தட்டை வெட்டி, மெத்தென்ற அட்டைமேல் வைத்து, போல்ட்டை அழுத்தி உருட்டினால் தகரக் கூரை தயார். ஓரங்களில் செங்காவியைத் தண்ணீர்விட்டுத் தொட்டால் துருவும் பிடித்துவிடும்.

தங்கவயலில் பிறந்த யாரும் மறக்காத சயனைடு மேட்டைத் தெர்மோகோலில் செதுக்கினேன். அதன்மேல் துணியில் சலித்த சாம்பல். சாதாரண மணல் தூவினால் நூறில் ஒரு பங்கு ஊரில் அது ஜல்லியாகத் தெரியும். மழைநீர் அரித்த ஓடைகளைத் தீக்குச்சியால் மேலிருந்து கீழே கீறினேன்.

ஷாஃப்ட்டின் மேலிருக்கும் இரும்புக் கோபுரத்துக்குப் பித்தளைக் கம்பியை ஈயம்வைத்துப் பற்றினேன். உச்சிச் சக்கரங்கள் இரண்டும் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட வளையல்கள். சின்ன மோட்டார் வைத்து நூல் மாட்டிச் சுழலவும் விட்டேன்.

அப்பா பேரனுக்கும் பேத்திக்கும் பின்னால் நின்று பார்த்தார். "தப்பு" என்றார். அவர் கூண்டு வாசலில் மணியடித்து ஆள் இறக்கியவர். "ரெண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுத்துது பார். ஒரு கூண்டு இறங்கினால் இன்னொன்று ஏறணும். அதுதான் கணக்கு. நீ எல்லாரையும் கீழேயே அனுப்புறே. யார் மேலே வர்றது?"

ஒரு நூலை எட்டுப் போலக் குறுக்கே மாட்டினேன். சக்கரங்கள் எதிரெதிராகச் சுழன்றன. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு வீடு முழுக்க அவர் கணக்குத்தான். சுவர் ஏன் இவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது? ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்குமே, விரிசல் எங்கே? குழாயடியில் குடங்கள் எங்கே? 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்த ஊர் என்று பெருமை பேசி நான் வெள்ளை விளக்கு வைத்தேன். "நம்ம வீட்டில் அரிக்கேன் விளக்கு. மஞ்சளாக இருக்கட்டும்" என்றார். ஊசிமுனையால் விரிசல் கீறினோம். குடத்துக்குக் கடுகு ஒட்டினோம்.

நமக்கும் ஒரு வேலை

புனேயில் 1998இல் திறந்த ஜோஷி சிற்றுரு ரயில் காட்சியகத்தைப் பலர் பார்த்திருக்கலாம். இங்கிலாந்தின் பெண்டன் காட்சியகத்துக்கு வேறொரு கதை உண்டு. 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே வந்த ராய் இங்லண்ட் என்பவர், பழைய கூரைவீடுகள் கண்ணெதிரே மறைவதைக் கண்டார். தடுக்க அவரால் முடியவில்லை. எழுபத்தாறில் ஒரு பங்காகச் செய்து வைக்கத் தொடங்கினார். அந்த ஊர்களின் பழைய தோற்றத்தை இன்றும் அங்கே போய்க் காணலாம்.

ஊர்விட்டு ஊர் வந்த நாம் ஒவ்வொருவரும் ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். திண்ணை எத்தனை அடி, கிணறு எந்தப் பக்கம், சன்னலுக்கு எத்தனை கம்பி என்பது பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரயில் வேண்டாம், கத்தரியும் நாலு பத்திரிகை அட்டையும் போதும். முதலில் அவர்கள் கோபித்துக்கொண்டால் ஒருநாள் பொறுங்கள்.

சென்ற நவராத்திரிக்குப் பலகையைக் கொலுப்படிக்குப் பக்கத்தில் வைத்தோம். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா ஒருவர், மஞ்சள் விளக்கு எரியும் வீட்டைக் காட்டி, "யார மனே இது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா கன்னடத்திலேயே பதில் சொன்னார்.

"நம்ம மனே."