மெலாவத்திக் குன்றின் கோட்டை

காப்பாரிலிருந்து ஜெராம் வழியாக வடக்கே செல்லும் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் கோல சிலாங்கூர் வரும். வழிநெடுகிலும் நிலம் தட்டையானது. அத்தட்டை நிலத்தின் முடிவில், சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தருகே, ஒரு குன்று தனித்து எழுந்து நிற்கிறது. அதுவே புக்கிட் மெலாவத்தி. மலையென்று சொல்லத்தக்க உயரம் அதற்கில்லை. சிறுவரும் களைப்பின்றி ஏறிவிடுவர். ஆயினும் சிலாங்கூர் அரசின் தொடக்க கால வரலாறு பெரிதும் இக்குன்றைச் சுற்றியே நடந்தது. பிள்ளைகளைக் காலையில் அழைத்துச் சென்று மாலைக்குள் வீடு சேர்க்கத்தக்க தொலைவில் உள்ள இவ்விடத்தைக் காப்பார், கிள்ளான் வட்டாரத்து ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

குன்றின்மேல் உள்ள கோட்டையை 'ஒல்லாந்தர் கோட்டை' என்று சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அங்குள்ள கலங்கரை விளக்கமும் ஆல்டிங்ஸ்பர்க் என்னும் ஒல்லாந்தப் பெயரையே தாங்கி நிற்கிறது. இவ்வழக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்தல் வேண்டும்.

குன்றில் முதற்கண் அரண் அமைத்தவர்கள் சிலாங்கூர் ஆட்சியாளர்களே. பூகிஸ் மரபினரான ராஜா லூமு, சுல்தான் சலேஹுதீன் என்னும் பெயருடன் இந்நாட்டின் முதற் சுல்தானானார். அவர் மகன் சுல்தான் இப்ராகிம் 1778 முதல் 1826 வரை அரசாண்டார். அவர் காலத்தில் மெலாவத்திக் குன்றில் பெரிய அரணும், அண்மையிலுள்ள தஞ்சோங் கெராமாட் மேட்டில் சிறிய அரணும் இருந்தன. மலாயில் கோட்டையைக் 'கோத்தா' என்பர். அச்சொல்லும் நம் கோட்டையும் உறவுடையவை என்பதை மாணவர்க்கு இவ்விடத்திலேயே சொல்லலாம்.

குன்றை ஏன் தேர்ந்தார்கள் என்பது உச்சியில் நின்று மேற்கே நோக்கினால் விளங்கும். ஆற்றுவாயும் மலாக்கா நீரிணையும் கண்முன் விரியும். சாலைகள் இல்லாத அக்காலத்தில் ஆறே நெடுஞ்சாலை. உள்நாட்டில் தோண்டிய ஈயம் ஆற்றின் வழியே இறங்கிவர வேண்டும். அரிசியும் துணியும் அதே வழியில் ஏறிச்செல்ல வேண்டும். ஆற்றுவாயைக் காத்து நின்றவன் இரண்டின்மீதும் வரி தண்டினான். குன்றின்மேல் வைத்த பீரங்கி, அவ்வகையில், ஒரு சுங்கச்சாவடியின் காவற்காரனே.

அந்த ஈயத்தின்மீதுதான் ஒல்லாந்தர் கண் வைத்தனர். 1784ஆம் ஆண்டில் ரியாவின் ராஜா ஹாஜி, ஒல்லாந்தர் வசமிருந்த மலாக்காவை முற்றுகையிட்டார். சுல்தான் இப்ராகிமும் அவருக்குத் துணை நின்றார். ஜூன் மாதத்தில் ராஜா ஹாஜி போரில் வீழ்ந்தார். அவ்வெற்றியைத் தொடர்ந்து வான் பிராம் என்பவரின் தலைமையில் வந்த ஒல்லாந்தக் கப்பற்படை ஆகஸ்டில் கோல சிலாங்கூரைக் கைப்பற்றியது. பத்தாவியாவிலிருந்து ஆண்ட தலைமை ஆளுநர் ஆல்டிங் பெயரால் பெரிய கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டனர்.

இங்கே தமிழ் மாணவர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இதே ஒல்லாந்தக் கும்பினியார்க்குச் சோழமண்டலக் கரையில் தலைமையிடமாக விளங்கியது நாகப்பட்டினம். அக்கரையில் நெய்த துணிகளைக் கொணர்ந்து இத்தீவுகளிலும் தீபகற்பத்திலும் விற்றே அவர்கள் மிளகும் பிற சரக்கும் கொண்டனர். நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் 1781இல் கைப்பற்றினர். 1784 மே மாதத்துப் பாரிஸ் உடன்படிக்கையால் அஃது ஒல்லாந்தரைவிட்டு முற்றாக நீங்கியது. மூன்று மாதங்களுக்குள் அவர்கள் மெலாவத்திக் குன்றில் கொடி ஏற்றினார்கள். நாகையையும் கோல சிலாங்கூரையும் ஒரே படத்தில் குறித்துக் காட்டினால், அக்கால வாணிகத்தின் பரப்பு பிள்ளைகளுக்குத் தெளிவாகும்.

அக்கொடி ஓராண்டு கூடப் பறக்கவில்லை. சுல்தான் இப்ராகிம் பகாங்குக்குச் சென்று அந்நாட்டு பெண்டஹாராவின் உதவி பெற்று, படையோடு காட்டுவழியே திரும்பி வந்து, 1785 ஜூன் இறுதியில் கோட்டையைத் தாக்கினார். காவற்படையினர் பீரங்கிகளை விட்டுவிட்டுக் கப்பலேறினர். பின்னர் ஒல்லாந்தர் கடல்வழியை அடைத்து நெருக்கினமையால் 1786இல் சுல்தான் உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது. அவ்வுடன்படிக்கையின் பயனையும் அவர்கள் நெடுங்காலம் நுகரவில்லை. 1795இல் மலாக்காவே ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

அப்படியானால் கோட்டை எவ்வாறு பாழாயிற்று? இதற்கு விடை அடுத்த நூற்றாண்டில் உள்ளது. 1867இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போரில், கிள்ளானை இழந்த ராஜா மஹாடியின் தரப்பினர் கோல சிலாங்கூரைப் பிடித்தனர். பினாங்கிலிருந்து வந்த கப்பலொன்று கொள்ளையிடப்பட்டதைக் காரணங்காட்டி, 1871 ஜூலையில் 'ரினால்டோ' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் ஆற்றுவாயில் நின்று கோட்டையைக் குண்டுவீசித் தகர்த்தது. இன்று நாம் காணும் சிதைவுக்குக் காலத்தின் தேய்வோடு இதுவும் பெருங்காரணம். கலங்கரை விளக்கமோ 1907இல் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. ஒல்லாந்தர் இக்குன்றில் இருந்தது பதினோரு மாத அளவே. அவ்வளவுக்கே பெயர் இருநூறாண்டு கடந்தும் நிலைத்துவிட்டது!

குன்றின்மேல் எஞ்சியவை: சுவர்ப்பகுதிகள், கடலை நோக்கிய பீரங்கிகள், முதல் மூன்று சுல்தான்கள் அடங்கிய கல்லறை. கல்லறை இன்றும் மதித்துப் போற்றப்படுவதால் அங்கு அடக்கத்துடன் நடந்துகொள்ளுதல் கடமை. குற்றவாளிகளைச் சிரச்சேதம் செய்த கல் என ஒன்றையும், நஞ்சுக் கிணறு என மற்றொன்றையும் காட்டுவர். இவை செவிவழிக் கதைகள். கதையைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் உடன்படிக்கையும் போர்க்குறிப்பும் ஒருவகைச் சான்று, வாய்மொழி வேறுவகைச் சான்று என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இவை எல்லாவற்றையும்விட அங்குள்ள வெள்ளி நிற லோத்தோங் குரங்குகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கும் அரைமணி ஒதுக்கிவிடுவது அறிவுடைமை.

நேரம் இருக்குமாயின், திரும்பும்போது காப்பாரைக் கடந்து கிள்ளான் வரை வந்து, அங்குள்ள ராஜா மஹாடி கோட்டையின் வாயில் வளைவையும் காட்டிவிடலாம். மெலாவத்தியைப் பிடிக்குமுன் அவர் கிள்ளானை ஆண்ட இடம் அது.