மேல்மண்ணில் உறங்கும் காடு

நான்கு மூங்கில் குச்சி, நான்கு மீட்டர் சணல் கயிறு. ஆராய்ச்சிக்கென்று நான் முதலில் வாங்கியவை இவைதான். பழைய சுரங்க மண்மேட்டில் ஒரு சதுர மீட்டருக்குக் கட்டம் கட்டி, உள்ளே முளைத்திருக்கும் ஒவ்வொரு செடியின் பேரையும் எழுதுவேன். பிறகு அடுத்த கட்டம்.

எனக்கு ஊர் விருத்தாசலம் பக்கம். முந்திரித் தோப்புக்காரர் வீடு. கிணறு வெட்டியபோது அப்பா மேல்மண்ணை மட்டும் தனியாகக் குவிக்கச் சொன்னார். "அடியில வர்றது வெறும் மண்ணு பாப்பா, உசிரு இதுலதான் இருக்கு" என்றார். பின்னாளில் நான் கல்லூரியில் படித்த முதல் பாடமும் அதுவே.

1957இல் வேலை தொடங்கிய நெய்வேலியைப் போன்ற திறந்தவெளிச் சுரங்கத்தில், நிலக்கரியைத் தொட மேலே உள்ள மண் முழுவதையும் அகற்றியாக வேண்டும். மண் தலைகீழானால் விதை, மண்புழு, எறும்பு, வேரோடு கூடி வாழும் பூஞ்சை எல்லாம் ஆழத்தில் புதைந்துபோகும். மேல்மண்ணைத் தனியே குவித்தாலும், ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ள விதைகள் செத்துவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரக் காடுகளில் 1963 முதல் பாக்சைட் தாது எடுக்கிறார்கள். அங்கே விதைகளில் பெரும்பங்கு மேலே உள்ள 5 சென்டிமீட்டருக்குள்ளேயே இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால், ஓரிடத்தில் வழித்த மேல்மண்ணை, வேலை முடிந்த பக்கத்துக் குழியில் உடனே பரப்புகிறார்கள். பல செடிகள் அதிலிருந்தே முளைக்கின்றன. ஆனாலும் கறுப்புக் காக்கட்டூ கிளி கூடு வைக்கிற அளவுக்குப் பொந்து விழ, மரத்துக்கு நூறு வயது தாண்ட வேண்டும்.

அப்படியானால், சுரங்க மண்மேடு பச்சையாகிவிட்டால் காடு திரும்பிவிட்டதா? ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் பக்கம் கோயில் காடுகள் மிச்சமிருக்கின்றன. காசா, வீரை, பாலை என்று அடர்ந்து நிற்பவை. அந்தச் செடிகள் மேட்டில் எத்தனை வந்திருக்கின்றன என்றுதான் கட்டத்துக்குள் தேடுகிறேன். ஆள் நட்ட கன்று ஒரு கணக்கு. கொண்டைக்குருவியின் எச்சத்தில் விழுந்து தானாக முளைத்தது வேறு கணக்கு. இரண்டாவது கணக்கு ஏறினால்தான் நிலம் தேறுகிறது என்று பொருள்.

சுரங்கம் தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்கும்படி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நல்ல தொடக்கம். உங்கள் ஊருக்குச் சுரங்கம் வருகிறதென்றால், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். எத்தனை மரம் நடுவீர்கள் என்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: மேல்மண்ணை எங்கே வைப்பீர்கள், எத்தனை நாளில் திருப்பிப் போடுவீர்கள்?