மூன்று மரத் தூரம்

போன தீபாவளிக்கு மறுநாள். குளுவாங்கில் மாமா வீட்டில் கறியெல்லாம் தீர்ந்து, டின்களில் முறுக்கு மட்டும் மிச்சமிருந்த மதியம். என் மகன் கைப்பேசியில் ஒரு காணொளியைத் தாத்தாவிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

அமெரிக்காவில் ஏதோ மலைச்சரிவு. ஒருவர் தரையில் படுத்தபடி ரைபிளில் குறிபார்க்கிறார். எதிர்மலையில் ஒரு பெரிய எல்க் மான். தூரம் 800 மீட்டர் என்று திரையில் எழுத்து வருகிறது. வெடிச்சத்தம் கேட்டுச் சற்றுக் கழித்து மான் சாய்கிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவ போடு" என்றார். பார்த்துவிட்டுக் கேட்டார்: "டேய் பேரா, சரியா படலன்னா இவன் அந்த மலைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆவும்?"

மகனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

மாமா அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். ரப்பரில் தொடங்கி, செம்பனையில் ஓய்வு பெற்றார். பன்றித் தொல்லைக்காகப் போலீஸ் லைசென்ஸோடு ஒரு பன்னிரண்டு போர் ஷாட்கன் வைத்திருந்தார். இளங்கன்றுகளின் குருத்தைப் பன்றி கிளறித் தின்றால் அந்த வரிசையையே மறுபடி நட வேண்டியிருக்கும் என்பது தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

நான் சிங்கப்பூரில் பொறியாளர். அன்றிரவு ஜொகூர் பாலத்து நெரிசலில் வண்டி நின்றபோது மாமாவின் கேள்வியை எண்களில் போட்டுப் பார்த்தேன். பலருக்கும் பெயர் தெரிந்த .308 தோட்டாவை எடுத்துக்கொண்டேன். குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் குண்டுக்கு ஏறத்தாழ 3,500 ஜூல் ஆற்றல். 300 மீட்டரில் அது 2,100 அளவுக்கு இறங்கிவிடும். 800 மீட்டரில் கால்வாசிதான் மிஞ்சும். அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: மானுக்குக் குறைந்தது 1,000 அடி-பவுண்டு, எல்க்குக்கு 1,500. அதாவது சுமார் 1,350 ஜூலும் 2,030 ஜூலும். அந்தக் கணக்குப்படியே எல்க்குக்கு .308 முந்நூறு மீட்டரைத் தாண்டியதும் கைவிரித்துவிடும். காணொளியில் இருந்தவர் இதைவிடப் பெரிய தோட்டாவைப் போட்டிருக்கலாம். அப்போது ஆற்றல் போதும் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் நேரம்? .308 குண்டு 800 மீட்டர் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை வினாடி. மேயும் மான் அதற்குள் ஓர் எட்டு எடுத்து வைத்துவிடும். நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டு வயிற்றில் படும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று வீசினாலே குண்டு ஒரு மீட்டர் போல நகர்ந்துவிடும். விசையை அழுத்துகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அழுத்திய பிறகு மிருகம் என்ன செய்யும் என்பது அவர் கையில் இல்லை.

பெரிய தோட்டா என்றால் நெடுந்தூரத்துக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். யானைக்கும் காட்டெருமைக்கும் ஆங்கிலேயர் கொண்டுவந்த இரட்டைக் குழல் ரைபிள்களைப் பற்றிப் படித்ததும் அது போய்விட்டது. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் குண்டின் எடை 32 கிராம். அதன் ஆற்றல் .308-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனாலும் அந்த வகை ரைபிளின் இரு குழல்களும் 50 முதல் 100 கெஜத்துக்குள் ஒரே இடத்தில் சுடும்படிதான் பொருத்தப்பட்டன. 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் பேர்பெற்ற புலி வேட்டைக்காரர். நம் காட்டில் புலியைத் தூரத்தில் பார்ப்பதற்கு வழியே இல்லை. கண்ணில் பட்டால் அது பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். இன்று தீபகற்பத்தில் 150-க்கும் குறைவான புலிகளே மிச்சம். வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாமாவும் ஒருமுறை தூரத்தை மீறியிருக்கிறார். மறுவாரம் போனபோது அவராகவே சொன்னார். அத்தைக்குத் தெரிந்த கதைதான். எனக்குத்தான் புதிது.

எண்பதுகளின் கடைசி. பொழுது சாயும் நேரம். வரிசையின் அந்தக் கோடியில் ஒரு கடுவன் பன்றி. மாமா நின்ற இடத்திலிருந்து ஆறு மரம். செம்பனையை முக்கோணமாக, மரத்துக்கு மரம் சுமார் ஒன்பது மீட்டர் விட்டு நடுவார்கள். ஆறு மரம் என்றால் ஐம்பத்து நான்கு மீட்டர். எஸ்.ஜி. தோட்டாவில் ஒன்பது ஈய உருண்டைகள். "ஒன்பதுல ஒண்ணு படாதான்னு நெனச்சேன். ஒண்ணு பட்டுச்சு. அதான் வென."

பன்றி வீறிட்டு ஓடியது. மட்டை அடுக்கின் ஓரம் ரத்தம். இருட்டிவிட்டதால் காலையில் தேடலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். விடிந்ததும் பக்கத்து நிரையில் உதிரிப் பழம் பொறுக்கப் போன ஓர் அக்கா, அந்த மட்டை அடுக்கின் மேலேயே காலை வைத்திருக்கிறார். உள்ளே படுத்திருந்த பன்றி பாய்ந்து தொடையைக் கிழித்துவிட்டது. பதினான்கு தையல். அந்த அக்கா கடைசிவரை காலைச் சாய்த்துத்தான் நடந்தார். அதே லயத்தில் ஐந்தாவது வீடு. மாமா தினமும் அந்த வாசலைக் கடந்துதான் வேலைக்குப் போக வேண்டும்.

இந்தியாவில் சம்பாவத் புலியை 1907-ல் சுட்டுக் கொன்ற ஜிம் கார்பெட், அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கம் மேல் கோரைப்பல் பாதி இல்லை. கீழ்ப்பல் எலும்பு வரை உடைந்திருந்தது. யாரோ எப்போதோ சுட்டுவிட்டுப் போன காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களை அடிக்கத் தொடங்கியது என்பது அவர் முடிவு. அவர் கணக்கில் 436 பேர். முதலில் சுட்டவர் யாரென்று எங்கேயும் பதிவில்லை.

அதற்குப் பிறகு மாமா ஒரு வேலை செய்தார். பன்றியின் நெஞ்சளவுக்கு ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டை எடுத்து அட்டையில் வைத்து வட்டம் போட்டார். அட்டையை மரத்தில் கட்டி, மரம் மரமாகப் பின்னால் போய்ச் சுட்டுப் பார்த்தார். தோட்டாவை எண்ணித்தான் வாங்க முடியும். அப்படியும் ஐந்தைச் செலவு செய்தார். இரண்டு மரத்தில் வட்டத்துக்குள் எட்டு ஓட்டை. மூன்றில் ஐந்து. நான்கில் இரண்டு. ஐந்தில் ஒன்று. ஆறாவது மரத்திலிருந்து சுட்டபோது வட்டம் அப்படியே இருந்தது.

"மூணு மரம். அதுக்கு மேல துப்பாக்கியத் தூக்கறதே இல்ல" என்றார். தூரம் மட்டும் இல்லை. பன்றி பக்கவாட்டில் நிற்க வேண்டும். கடுவனின் தோளில் கெட்டியான கவசத் தோல் இருக்கும். இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்காலை ஒட்டி இருக்கும். திமிலைப் பார்த்துக் குறிவைத்தால் மேலே போய்விடும். சுட்ட பிறகு தேட அரைமணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குச் சும்மா திரும்பிவிடுவாராம். "சும்மா வந்த நாள்தான் அதிகம். உங்க அத்த சிரிக்கும்."

வயதானதும் துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்து லைசென்ஸையும் முடித்துக்கொண்டார். அந்த அட்டை மட்டும் ஸ்டோரில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. கறையான் அரித்ததில் எது உருண்டை போட்ட ஓட்டை, எது பூச்சி போட்டது என்று இப்போது சொல்ல முடியவில்லை.

கிளம்பும் முன் மகனை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் செம்பனைக்குள் கூட்டிப் போனார். ஒரு மரத்தடியில் அவனை நிற்க வைத்துவிட்டுத் தடியை ஊன்றி மெதுவாக நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பி நின்று, "என் சட்டைப் பொத்தான் தெரியுதா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"தெரியுது தாத்தா."

இன்னும் மூன்று மரம் தள்ளிப் போனார். மட்டைகளின் நிழலில் அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும்தான் தெரிந்தது.

"இப்ப?"

மகன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அவன் பதில் சொல்வதற்குள் தாத்தா ஓர் எட்டு எடுத்து வைத்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.