பைக் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் பத்து நிமிடம்: தவறாகப் பழுது சொன்ன ஒர்க்ஷாப்பிடம் பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

பைக் ஏற்றத்தில் இழுக்கவில்லை, பிக்கப் இல்லை என்று ஒர்க்ஷாப்பில் விடுகிறீர்கள். "ரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்கிறார்கள். நீங்களும் சரி என்கிறீர்கள். போர் கிட், லேத் வேலை, லேபர் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் கட்டி வண்டியை எடுக்கிறீர்கள். மூன்றாம் நாள் அதே ஏற்றம், அதே குறை. வேறொரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல, கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கு. 1,800 ரூபாய்ல முடிஞ்சிருக்கும்" என்கிறார்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கோபத்தில் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, கிளட்ச்சை மாற்றிக்கொண்டு, 7,000 ரூபாயை மறந்துவிடுகிறார்கள். மறக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கிளட்ச்சை மாற்றிய நிமிடமே உங்கள் புகாருக்கான முக்கியமான ஆதாரம் வண்டியை விட்டுப் போய்விடுகிறது. பழுது விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்பதைக் காட்டுவது, எந்த வேலையை எப்போது, எதைப் பார்த்துச் செய்தார்கள் என்ற பதிவுதான். அந்தப் பதிவை உங்கள் கையில் இருக்கும் போனிலேயே எடுத்துவிடலாம்.

ஒரே அறிகுறி, பல காரணம்

மெக்கானிக் தவறாகச் சொன்னாலே ஏமாற்றுகிறார் என்று அர்த்தம் இல்லை. இன்ஜின் காட்டும் அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும், காரணங்கள்தான் வேறு.

• பிக்கப் இல்லை: பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும், கிளட்ச் வழுக்கினாலும் இதே குறைதான் வரும். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச்.

• மேல்பகுதியில் சத்தம்: டேப்பட் இடைவெளி கூடியிருக்கலாம், டைமிங் செயின் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். இவை இரண்டையும் பார்க்காமல் பிஸ்டன், கனெக்டிங் ராடு என்று போகக் கூடாது.

• புகை: நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மீது சந்தேகம். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் மீது சந்தேகம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், கார்ப்பரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து மறைவது பெரும்பாலும் வெறும் நீராவி.

• ஓடி ஓடி நின்றுவிடுகிறது: பிளக், ஜெட் அடைப்பு என்று பல உண்டு. பெட்ரோல் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்தாலும் சில கிலோமீட்டர் ஓடி வண்டி நிற்கும்.

நல்ல மெக்கானிக் செலவு குறைந்த காரணத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் இன்ஜினுக்குள் போவார். ரிங் போய்விட்டது என்று சொல்வதற்கு முன் கம்ப்ரஷன் பார்க்கும் சோதனை இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டரை மாட்டி, கிக்கர் அல்லது செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். அளவு குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங் பக்கம் சந்தேகம், ஏறாவிட்டால் வால்வு பக்கம் சந்தேகம்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 வண்டி என்றால், மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஸ்கேனர் மாட்டிக் கோடு எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் கோடு குறை இருக்கும் பகுதியைத்தான் சொல்லும். 'சென்சார்' என்று கோடு வந்தாலே சென்சாரை மாற்றிவிடக் கூடாது; அதற்குப் போகும் ஒயர் அறுந்திருந்தாலும் அதே கோடு வரலாம்.

வண்டியை விடும்போது செய்ய வேண்டியவை

இன்ஜின் வேலை என்ற பேச்சு வந்தவுடனே இந்த ஐந்தையும் செய்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

1. குறையை வீடியோ எடுங்கள். சத்தம், புகை, மீட்டரில் உள்ள கிலோமீட்டர், விளக்கு எல்லாம் தெரியட்டும்.

2. சோதனையைக் கேளுங்கள். "அண்ணே, பிரிக்கறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் பார்த்துச் சொல்லுங்க, மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று பக்குவமாகக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

3. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன குறை அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தெருமுனைக் கடை என்றால் வாட்ஸ்அப் போதும்: "நீங்க சொன்னபடி ரிங், பிஸ்டன் மாத்தறதுக்கு மொத்தம் 7,000 ரூபாய். இதுக்கு மேல வேலை வந்தா போன் பண்ணிக் கேட்டுட்டுச் செய்யுங்க." அவர் "ஓகே" என்று பதில் போட்டாலே அது பதிவு.

4. கழற்றிய பழைய சாமான் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பழைய பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்திருந்ததா இல்லையா என்பதை இன்னொரு மெக்கானிக் பார்த்துச் சொல்ல முடியும். அவை பழைய இரும்புக்குப் போய்விட்டால் எதையும் காட்ட முடியாது.

5. பில் வாங்குங்கள். யூபிஐ ஸ்கிரீன்ஷாட் பணம் கொடுத்ததைத்தான் காட்டும், என்ன வேலை நடந்தது என்பதைக் காட்டாது. செய்த சேவைக்கு பில் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது.

குறை தீரவில்லை என்றால்

முதலில் வண்டியை வேறு எங்கும் பிரிக்க விடாதீர்கள். அதே குறை அப்படியே இருக்கிறது என்பதை தேதி, கிலோமீட்டர் தெரியும்படி மறுபடி வீடியோ எடுங்கள்.

அடுத்து, இரண்டாவது கருத்து. முதல் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டுங்கள். முடிந்தால் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். என்ன சோதித்தார்கள், என்ன கண்டார்கள், உண்மையான பழுது என்ன என்று கடை லெட்டர்பேடில் நான்கு வரி எழுதி, சீல் வைத்து, தேதி போட்டு வாங்குங்கள். அதற்காக அவர் கேட்கும் கூலியைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். "அவன் ஒழுங்காப் பார்க்கல" என்ற வாய்ச்சொல் எங்கேயும் நிற்காது. "கிளட்ச் பிளேட் தடிமன் அளந்தோம், கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே உள்ளது" என்று எழுதித் தந்தால் நிற்கும்.

பிறகு முதல் கடைக்கே போய்ப் பேசுங்கள். இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். தொழில் செய்பவருக்குப் பெயர் முக்கியம். ஆதாரத்தைக் காட்டிப் பொறுமையாகப் பேசினால் லேபரையாவது திருப்பித் தர முன்வருவார்கள். பேசி முடித்தால் அதையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகப் பதிந்துவிடுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்?

இங்கே பலர் தவறு செய்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் கிளட்ச்சுக்கான 1,800 ரூபாய் எப்படியும் நீங்கள் செய்திருக்க வேண்டிய செலவு. அதை முதல் கடையிடம் கேட்க முடியாது. கேட்க வேண்டியது, தேவையில்லாமல் செய்த 7,000 ரூபாயை. பழைய ரிங் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது என்று தெரிந்தால் அந்தத் தொகையும் குறையும், ஏனென்றால் அந்த வேலையால் உங்களுக்குப் பயன் கிடைத்திருக்கிறது. சோதனைக் கூலி, வண்டி நின்றதால் இழந்த வருமானம் ஆகியவற்றையும் கேட்கலாம், ரசீதோ கணக்கோ இருந்தால். சரியாகக் கணக்குப் போட்டுக் கேட்கப்படும் தொகைக்குத்தான் மதிப்பு இருக்கும்.

பணம் தராமல் வண்டியைக் கேட்டால் கடைக்காரர் தர மறுக்கலாம். தான் உழைத்த வேலைக்கு உரிய கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளும் உரிமை, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 பிரிவு 170-ல் இருக்கிறது. ஆகவே தகராறு செய்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வராதீர்கள். "இந்தத் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். பிறகு கேட்கும் வழி திறந்தே இருக்கும்.

பேச்சு பலிக்கவில்லை என்றால்

படி 1: எழுத்து மூலம் கேளுங்கள். வண்டி விட்ட தேதி, சொன்ன குறை, செய்த வேலை, கட்டிய தொகை, இரண்டாவது ஒர்க்ஷாப் கண்டது, நீங்கள் கேட்கும் தொகை, 15 நாள் கெடு. இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் தேவையில்லை.

படி 2: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். எதிர்தரப்பிடம் உங்கள் புகாரைக் கொண்டுபோய்த் தீர்வு காண முயல்வார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் மீதான புகார் என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் எழுதுங்கள்.

படி 3: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேவைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் போனிலிருந்தே பதிவு செய்யலாம். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்களே வாதாடலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

ஆணையம் பார்ப்பது 'சேவைக் குறைபாடு' இருந்ததா என்பதை. கவனக்குறைவும், தெரிந்தே தகவலை மறைப்பதும் அதில் அடங்கும். கணிப்பு பிசகிவிட்டது என்று மட்டும் சொல்லாமல், வழக்கமாகச் செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமலே இன்ஜினைப் பிரித்தார்கள், சம்மதம் இல்லாத வேலைக்குப் பணம் வாங்கினார்கள், பழைய சாமானைத் தர மறுத்தார்கள் என்று காட்டினால் உங்கள் புகார் பலமாகும்.

உணவு டெலிவரி, கூரியர் வேலைக்குப் பைக் ஓட்டுபவர்கள் "இது தொழில் வண்டி, நமக்குப் பொருந்தாது" என்று ஒதுங்க வேண்டாம். பிழைப்புக்காகச் சுயதொழிலாகத் தானே பயன்படுத்துவதைச் சட்டம் 'வணிக நோக்கம்' என்று கருதுவதில்லை. வண்டி நின்றால் அன்றைய வருமானமே நிற்கும் உங்களுக்குத்தான் இந்தப் பதிவுகள் அதிகம் தேவை.

போனில் செய்யக் கூடாதவை

• ஒரிஜினல் வீடியோ, வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது, அது எந்தக் கருவியில் பதிவானது என்பதற்குச் சான்று கேட்கப்படலாம். போன் மாற்றினாலும் பழைய போனை உடனே விற்றுவிடாதீர்கள்.

• கடைக்காரர் முகத்தைப் போட்டு 'திருடன்' என்று ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். பேச்சுவார்த்தை அதோடு முறிந்துவிடும். அவதூறு என்று உங்கள் மேலேயே புகார் வரவும் வாய்ப்பு உண்டு. விமர்சனம் எழுதினால் தேதி, வேலை, தொகை, விளைவு என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

• மனு தயாராகும்வரை பழுதைச் சரிசெய்யாமல் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டாவது ஒர்க்ஷாப்பின் எழுத்துச் சான்று, அளவுகளின் போட்டோ ஆகியவற்றை எடுத்தபின், "இந்தத் தேதிக்குள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், அதன்பிறகு வண்டியைச் சரிசெய்யப் போகிறேன்" என்று முதல் கடைக்குத் தகவல் அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கலாம். மாற்றிய கிளட்ச் பிளேட்டை மட்டும் ஒரு பையில் போட்டு, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்த முறை "இன்ஜினை இறக்கணும்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும், சரி என்று சொல்வதற்கு முன் "எந்தச் சோதனையில தெரிஞ்சுதுண்ணே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் நிம்மதியாக வண்டியை விடலாம். பதில் இல்லை என்றால், அந்த 7,000 ரூபாய் இன்னும் உங்கள் பாக்கெட்டில்தான் இருக்கிறது.