வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்: பயிற்சியும் இடமாற்றமும்

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்பவர், வானூர்திகள் ஒன்றோடொன்று மோதாமலும் தேவையற்ற தாமதமின்றியும் செல்லுமாறு வானோடிகளுக்கு வானொலி வழியே அறிவுறுத்தல் வழங்கும் உரிமம் பெற்ற பணியாளர் ஆவார். இந்தியாவின் பெரும்பாலான குடிசார் வானூர்தி நிலையங்களில் இப்பணியை இந்திய வானூர்தி நிலையங்கள் ஆணையத்தின் அலுவலர்கள் செய்கின்றனர். புனே, கோவாவின் தாபோலிம் போன்ற படைத்துறை நிலையங்களில் முறையே வான்படையினரும் கடற்படையினரும் செய்கின்றனர். ஆசிரியரோ வங்கி அலுவலரோ வேற்றூருக்கு மாற்றப்பட்டால் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடலாம். கட்டுப்பாட்டாளருக்கு அது இயலாது. ஆள் பற்றாக்குறை, இடமாற்றம், பயிற்சி ஆகிய மூன்றும் இத்தொழிலில் பிரிக்க முடியாதவாறு பிணைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

சென்னை வான்பரப்பு

மீனம்பாக்கத்திலுள்ள சென்னை வானூர்தி நிலையத்தின் முதன்மை ஓடுபாதை 07/25 எனக் குறிக்கப்படுகிறது. இவ்வெண்கள் திசைகாட்டியில் ஏறத்தாழ 70, 250 பாகைகளைக் குறிப்பன. இந்த ஓடுபாதையின் கோட்டைக் கிழக்கே நீட்டினால் அது சாந்தோம், நொச்சிக்குப்பம் பகுதியை ஒட்டிக் கடற்கரையைச் சென்றடையும். மேற்குத் திசைக் காற்று வீசும் மாதங்களில் வானூர்திகள் கடற்புறமிருந்து இக்கரையைக் கடந்து, நகரின் மீதாக இறங்குகின்றன. மாலையில் நொச்சிக்குப்பத்து மணலில் நின்று பார்ப்பவருக்கு, ஒன்றன்பின் ஒன்றாக வரும் அவ்விளக்குகள் தாமாகவே வரிசையில் அமைந்தவை போலத் தோன்றும். உண்மையில் அந்த இடைவெளி ஒவ்வொன்றும் ஒருவர் கணித்துக் கொடுத்தது ஆகும்.

வங்காள விரிகுடாவின் மேலாக வரும் ஒரு வானூர்தியை முதலில் பரப்புக் கட்டுப்பாட்டாளரும், நகரை நெருங்கியதும் அணுகு கட்டுப்பாட்டாளரும், இறுதியில் கோபுரத்திலுள்ள நிலையக் கட்டுப்பாட்டாளரும் கையாள்கின்றனர். இந்திய வான்பரப்பு தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு முதன்மையான பறப்புத் தகவல் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சென்னை வட்டாரம் தென்னிந்தியாவோடு நில்லாமல் கடலுக்குள் நெடுந்தொலைவு சென்று, கொழும்பு, கோலாலம்பூர் வட்டாரங்களைத் தொடுகிறது. பிற தென்னக நகரங்களின் ராடார் தரவுகள் சென்னையில் ஒருங்கிணைக்கப்பட்ட பின்னர், தென்னிந்திய உயர் வான்பரப்பின் கட்டுப்பாடும் இங்கு குவிந்தது. எனவே மீனம்பாக்கத்தில் ஏற்படும் ஆள் குறைவு சென்னைக்கு வரும் பயணிகளை மட்டும் பாதிப்பதன்று.

பயிற்சியும் பணித்தகுதியும்

இயற்பியலும் கணிதமும் பயின்ற அறிவியல் பட்டதாரிகளும் பொறியியல் பட்டதாரிகளும் அனைத்திந்தியத் தேர்வின் மூலம் இளநிலை அலுவலர்களாகச் சேர்க்கப்படுகின்றனர். தேர்வில் குரல் சோதனையும் உண்டு. தொடக்கப் பயிற்சி அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜ்) 1948-ல் நிறுவப்பட்ட குடிசார் வான்போக்குவரத்துப் பயிற்சிக் கல்லூரியிலும், ஐதராபாத், கோந்தியா மையங்களிலும் அளிக்கப்படுகிறது.

கல்லூரியில் தேறியவர் இன்னும் கட்டுப்பாட்டாளர் ஆகிவிடவில்லை. உரிமம் ஒன்று, அதில் பதியப்படும் பணித்தகுதி வேறொன்று. பன்னாட்டுக் குடிசார் வான்பயண அமைப்பின் முதலாம் பின்னிணைப்பு, நிலையக் கட்டுப்பாட்டுத் தகுதிக்கு மேற்பார்வையின்கீழ் 90 மணி நேரம் அல்லது ஒரு மாதம், இவற்றுள் எது அதிகமோ அதனைக் கோருகிறது. அணுகு, பரப்புக் கட்டுப்பாடுகளுக்கு இது 180 மணி நேரம் அல்லது மூன்று மாதம் ஆகும். இவை கீழ்வரம்புகளே, நெரிசல் மிக்க பிரிவுகளில் இதனினும் நீண்ட காலம் தேவைப்படுகிறது. ஒருவர் ஆறு மாதத்திற்கு மேல் அப்பணியைச் செய்யாதிருப்பின் தகுதி செல்லாததாகிவிடும். இவற்றுடன் மருத்துவச் சான்றும் ஆங்கில மொழித்தேர்ச்சியும் வேண்டும். மொழித்தேர்ச்சியில் நான்காம் படிநிலை பெற்றவர் மூன்றாண்டுக்கு ஒருமுறையும், ஐந்தாம் படிநிலை பெற்றவர் ஆறாண்டுக்கு ஒருமுறையும் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டுப் பரிந்துரை.

இடமாற்றத்தின் விளைவு

பணித்தகுதி குறிப்பிட்ட நிலையத்திற்கும் பிரிவுக்கும் உரியது. கவுகாத்தியில் பத்தாண்டு அனுபவம் உள்ளவரும் சென்னைக்கு வந்தால், இங்குள்ள வழித்தடங்கள், குறும்பெயர்கள், தாம்பரம் வான்படைத் தளத்துடனான ஒருங்கிணைப்பு, விரிகுடாப் புயல்களின் போக்கு ஆகியவற்றைக் கற்றுத் தேர்ச்சி காட்டிய பின்னரே தனியே அமர இயலும். அதுவரை அவரருகே தகுதி பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 24 பேர் கொண்ட ஒரு பிரிவிலிருந்து நால்வர் மாற்றலாகிச் செல்ல, வேறு நால்வர் வருவதாகக் கொள்வோம். வருகைப்பதிவேட்டில் எண்ணிக்கை 24 ஆகவே இருக்கும். தனித்துப் பணியாற்றக் கூடியவர்களோ 20 பேர்தாம். வந்தவர்களுள் மூவர் மட்டுமே தேறினால் பயிற்சிக் காலம் முடிந்த பின்னரும் ஓரிடம் வெற்றிடமே. ஆள் பற்றாக்குறை குறித்த விவாதங்களில் இருதரப்பும் வெவ்வேறு எண்களைக் கூறுவது பெரும்பாலும் இதனால்தான்: ஒரு தரப்பு பணியில் இருப்போரை எண்ணுகிறது, மற்றது தகுதி பெற்றோரை எண்ணுகிறது.

மறுபுறம், இடமாற்றமே இல்லாவிடில் தொலைதூர நிலையங்களில் எவரும் நிலைக்கமாட்டார். முதியோரான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளி, துணைவரின் வேலை ஆகியன சொந்த ஊர் திரும்ப விரும்புவோருக்கு உண்மையான காரணங்களே. பற்றாக்குறை மிக்க நிலையத்திலிருந்துதான் விடுப்பு கிடைப்பது கடினம். அங்கு பயிற்சி அளிக்கவும் ஆளில்லாததால் புதியவர் தேறுவதும் தாமதமாகிறது. இவ்வாறு ஒரு சுழல் உருவாகிறது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் இச்சிக்கலைக் கணக்கிட்டே கையாள முயன்றுள்ளனர். விருப்ப இடமாற்றம் கோரும் ஒருவரை விடுவிக்கும் முன், அந்நிலையத்தில் தகுதி பெற்றோர் எத்தனை பேர், பயிற்சியில் இருப்போருள் முந்தைய வெற்றி விகிதத்தின்படி எத்தனை பேர் தேறக்கூடும் என்பன கணிக்கப்படுகின்றன. அந்நாடு இதனைக் கற்றது பெரும் விலை கொடுத்து எனலாம். 1981 ஆகத்து மாதத்தில் வேலைநிறுத்தம் செய்த கட்டுப்பாட்டாளர்களுள் 11,000-க்கும் மேற்பட்டோரைக் குடியரசுத் தலைவர் ரேகன் பணிநீக்கம் செய்தார். அவ்வெற்றிடத்தை முழுமையாக நிரப்பப் பல ஆண்டுகள் ஆயின.

ஆள் குறைவின் மிகக் கொடிய எடுத்துக்காட்டு 2002 சூலை 1 இரவு நிகழ்ந்தது. செருமனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரு வானூர்திகள் மோதி 71 பேர் இறந்தனர். அப்பகுதியைக் கண்காணித்த சூரிக் மையத்தில் உடன் பணியாளர் ஓய்வுக்குச் சென்றிருக்க, ஒரே கட்டுப்பாட்டாளர் இரு பணிமேசைகளைக் கவனித்துக் கொண்டிருந்தார். இரவில் இவ்வாறு ஒருவரை மட்டும் விட்டுச் செல்லும் வழக்கத்தை நிருவாகம் பொறுத்துக் கொண்டிருந்ததை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

அண்மைய நிகழ்வுகள்

இந்தியாவில் கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் களைப்பையும், 2025 ஆகத்தில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று வான்பயணப் பாதுகாப்பு பற்றிய தன் அறிக்கையில் கவலையுடன் குறிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7-ல் தில்லியின் தானியங்கிச் செய்தி அனுப்பு அமைப்பு செயலிழந்தபோது, பறப்புத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளர்கள் கையாலேயே கவனிக்க நேர்ந்தது. கூடுதல் ஆட்கள் பணியில் இறக்கப்பட்டும் நூற்றுக்கணக்கான வானூர்திகள் தாமதமாயின.