குறைமாதக் குழந்தை வார்டில் தாய்க்கு என்ன வேலை?

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வரும் உறவினருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மருந்துச் சீட்டோடு ஓட வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க வேண்டும், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டும். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் (என்.ஐ.சி.யு.) வாசலுக்கு வந்ததும் அத்தனையும் நின்றுவிடும். ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த பிள்ளை உள்ளே வார்மரில் கிடக்கும். பெற்றவள் வேறொரு வார்டில் பால் கட்டிக்கொண்டு வலியோடு படுத்திருப்பாள்.

இதற்குச் சொல்லப்படும் காரணம் கிருமித் தொற்று. எதிர்ப்பு சக்தி வளராத சிசு, வெளியாள் வந்தால் ஆபத்து என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தாயையும் வெளியாள் கணக்கில் சேர்த்ததில்தான் கோளாறு.

இந்தக் கதவை முதலில் திறந்தவர்களை அதற்குத் தள்ளியது பற்றாக்குறைதான். 1978இல் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் இன்குபேட்டர்கள் போதவில்லை, தொற்றும் பரவியது. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி வைத்துக் கட்டச் சொன்னார். இன்று எல்லோரும் சொல்லும் ‘கங்காரு பராமரிப்பு’ அப்படி வந்ததுதான். அடுத்த ஆண்டு, அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த எஸ்தோனியாவின் தாலின் நகரில், மருத்துவர் ஆதிக் லெவினுக்கு நர்ஸ்கள் பற்றவில்லை. தாய்மார்களை வார்டிலேயே இரவு பகலாகத் தங்கவைத்தார். துடைப்பது, துணி மாற்றுவது, பால் புகட்டுவது எல்லாம் தாயின் பொறுப்பு. ஊசி, மருந்து நர்ஸின் பொறுப்பு. தாய்க்குக் கற்றுக்கொடுப்பதும் அவரிடமே வந்து சேர்ந்தது.

தாலின் முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கனடாவின் டொரோண்டோ மவுண்ட் சினாய் மருத்துவமனையில் ஷூ லீ என்ற மருத்துவர் அதற்கு ஒரு ஒழுங்கு கொடுத்தார். பெற்றோர் தினம் ஆறு மணி நேரமாவது குழந்தையோடு இருக்க வேண்டும், வகுப்புகளில் உட்கார வேண்டும், டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது அவர்களோடு பேச்சில் கலந்துகொள்ள வேண்டும். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 பிரிவுகளில் இதைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகளின் எடை நன்றாக ஏறியது, தாய்ப்பால் கூடியது, பெற்றோரின் பதற்றம் தணிந்தது. இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

அப்படியானால் இது உயிரைக் காக்குமா? அதற்கான பதில் ஏழை நாடுகளிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஆய்வு நடத்தியது. இந்தியாவில் அது நடந்த இடம் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,200க்கும் மேற்பட்ட சிசுக்கள் இதில் சேர்க்கப்பட்டன. உடல்நிலை சீரான பிறகே கங்காரு பராமரிப்பு என்பது அதுவரை இருந்த வழக்கம். இங்கே ஒரு பிரிவினருக்குப் பிறந்த கையோடு அதைத் தொடங்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். தாயால் முடியாத நேரத்தில் அவர் கைகாட்டிய உறவினர் பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒரு நாளில் ஏறக்குறைய 17 மணி நேரம் இப்படிப் போனது.

28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு, வழக்கமான முறையில் நூற்றுக்கு 15.7, இந்த முறையில் 12. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் மற்றக் குழந்தைகளுக்கு அதை மறுக்க முடியாது என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2021இல் முடிவு வெளியானது. எந்தத் தொற்றுக்குப் பயந்து தாயை வெளியே நிறுத்தினோமோ, அந்த ரத்தத் தொற்று சந்தேகிக்கப்பட்ட குழந்தைகளும் தாய் உள்ளே இருந்த பிரிவில்தான் குறைவு. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளின் அன்றாடப் பராமரிப்பில் குடும்பத்தைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்தியா அதற்கும் முந்திக்கொண்டது. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் அனுபவத்தை வைத்து, அரசு மருத்துவமனைகளின் சிசுப் பிரிவுகளில் குடும்பத்தினரைப் பங்கேற்க வைக்கும் வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2017இலேயே வெளியிட்டது. முதல் பாடம் கை கழுவுவது. பிறகு பால் பீய்ச்சுவது, பாலாடையில் புகட்டுவது, கங்காரு பராமரிப்பு, வீட்டுக்குப் போனபின் எந்த அறிகுறி தெரிந்தால் திரும்பி ஓடிவர வேண்டும் என்பது. தந்தையும் பாட்டியும்கூடக் கற்றுக்கொள்ளலாம். பாட்டிக்குக் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பேன். வீட்டுக்கு வந்ததும் சேனை வைக்கக் கிளம்புகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தாய் பார்த்துக்கொள்கிறாரே, நர்ஸ் எதற்கு என்று நிர்வாகம் கணக்குப் போட்டுவிடலாம். சிசேரியன் தையலோடு இருப்பவளை வெறும் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுக் குடும்பப் பங்கேற்பு என்று பெயர் வைத்தால் அது ஏமாற்று வேலை. கட்டில், சாப்பாடு, கழிப்பறை, கூலி வேலையை விட்டுவிட்டு வரும் தகப்பனுக்கு ஓர் ஏற்பாடு, இவை இருந்தால்தான் திட்டம் நிற்கும். கற்றுக்கொடுக்க நேரம் வேண்டும் என்பதால் நர்ஸ்களும் போதிய அளவில் வேண்டும்.

உங்கள் வீட்டுக் குழந்தையை என்.ஐ.சி.யு.வில் சேர்க்க நேர்ந்தால், டியூட்டி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: பிள்ளையை எப்போது நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம், பால் பீய்ச்ச யார் சொல்லித்தருவார்கள், அம்மா முடியாதபோது வீட்டில் வேறு யார் உள்ளே வரலாம்? ‘இங்கே அந்த வழக்கம் இல்லை’ என்று பதில் வந்தால், 2017 வழிகாட்டுதலைச் சொல்லி மறுபடியும் கேளுங்கள்.